ஏட்டைத் தூக்கி, அடியில் செதுக்கி: கண் லேசர் எப்படி நடக்கிறது?

பல்லடம் பக்கம் கண் லேசர் பற்றி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்பவர்கள், ஓவர்லாக் அடிப்பவர்கள், விசைத்தறிக் கூடத்தில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள். கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்குக்கு இறங்குகிறது, பஞ்சு வந்து ஒட்டிக்கொள்கிறது. பெண் பார்க்க வரும் வீட்டில் கண்ணாடி ஒரு பேச்சாகிவிடுகிறது. இவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. வலிக்குமா? எவ்வளவு நேரம் ஆகும்? செய்யும்போது வலி இருக்காது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: என் கண்ணில் செதுக்குவதற்கு இடம் இருக்கிறதா?

அது புரிய, ராத்திரி உறை ஊற்றி வைத்த ஒரு கிண்ணம் கட்டித் தயிரை எடுத்துக்கொள்வோம். மேலே ஏடு படிந்திருக்கிறது. கரண்டி முனையால் ஏட்டின் ஓரத்தை வட்டமாகக் கீறுங்கள். முழு வட்டமும் வேண்டாம். ஒரு பக்கம் ஒட்டியிருக்கட்டும். இப்போது ஏட்டை மெல்லத் தூக்கி அந்தப் பக்கமாக மடித்துப் போடுங்கள். அடியில் தெரியும் வெள்ளைத் தயிரில், நடுவிலிருந்து ஒரே ஒரு மெல்லிய வழிப்பு எடுங்கள். மடித்த ஏட்டைத் திரும்ப மேலே விட்டுவிடுங்கள். எடுத்த இடத்துக்குத் தக்கபடி ஏடு படிந்துகொள்ளும், நடுப்பகுதி முன்பிருந்ததைவிடச் சற்றுத் தட்டையாகும். லாசிக் என்ற கண் லேசர் முறை இவ்வளவுதான்.

கண்ணில் அந்தக் கிண்ணத்துத் தயிர், கருவிழிக்கு முன்னால் இருக்கும் கார்னியா என்ற தெளிந்த படலம். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்வது இதுதான். மைனஸ் பவர் உள்ளவர்களுக்குக் கண் கொஞ்சம் நீளமாகவோ கார்னியா கூடுதலாக வளைந்தோ இருக்கும், ஒளி விழித்திரைக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே குவிந்துவிடும். கார்னியாவின் நடுவைத் தட்டையாக்கினால் வளைப்பு குறையும், குவியும் இடம் பின்னுக்குப் போய் விழித்திரையில் விழும். பிளஸ் பவருக்கு நடுவை விட்டுவிட்டுச் சுற்றிலும் செதுக்குவார்கள், நடு மேடாகும். சிலிண்டர் பவருக்கு ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் எடுப்பார்கள்.

எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கார்னியாவின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன், அதாவது 500 முதல் 550 மைக்ரான். மேலே தூக்கும் ஏடு சுமார் 110 மைக்ரான். ஒரு டயாப்டர், அதாவது மைனஸ் 1 பவரை நீக்க ஏறக்குறைய 12 முதல் 16 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் 4 உள்ள ஒருவருக்கு மொத்தம் 60 மைக்ரான் போகும் என்று வைத்துக்கொள்வோம், அது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். அவருடைய கார்னியா 530 என்றால் ஏடும் செதுக்கலும் போக அடியில் 360 மிஞ்சும். நல்ல கணக்கு. மைனஸ் 8 உள்ளவருக்குக் கார்னியா 500 மட்டுமே இருந்தால்? ஏட்டுக்கு 110, செதுக்க 120, மிச்சம் 270. அடியில் 250 மைக்ரானுக்குக் கீழே போகவே கூடாது என்பது பழைய விதி. இன்று பல டாக்டர்கள் 300 இருக்க வேண்டும் என்கிறார்கள். கிண்ணத்தின் அடிவரை வழித்தெடுத்தால் மிச்சத் தயிர் நிற்காமல் உடைந்து சரியும் அல்லவா? கார்னியாவும் அப்படி நலிந்து முன்னுக்குப் பிதுங்கிவிடும், கண்ணாடி போட்டாலும் பார்வை நேராகாது. அதனால் 270 என்று கணக்கு வரும் இடத்தில் டாக்டர் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாக, அதுவும் உயிருள்ள திசுவை, சுடாமல் செதுக்க முடியும் என்பதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். 1929-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா சென்று ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அங்கே 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் என்ற புறஊதா லேசர், பிளாஸ்டிக்கைக் கருக்காமல் அரித்தெடுப்பதை அவர் பார்த்திருந்தார். உயிர்த்திசுவில் என்ன ஆகும்? 1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி நவிலல் பண்டிகைக்கு மறுநாள். முதல்நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை வீட்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடத்துக்காரர்களுக்கு இந்த இடம் மனதில் நிற்கும். அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய சகாக்களும் அதில் எக்சைமரையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பச்சை லேசரையும் பாய்ச்சினார்கள். பச்சை லேசர் பட்ட இடம் கருகிச் சேதமானது, எக்சைமர் பட்ட இடத்தில் சுத்தமான ஒரு வெட்டு மட்டும் இருந்தது.

காரணம் இது. இந்தப் புறஊதா ஒளி சூடாக்கி எரிப்பதில்லை. மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகளை நேரடியாக அறுக்கிறது. அறுந்த துணுக்குகள் பறந்து போகும்போது வெப்பத்தையும் தங்களோடு கொண்டுபோய்விடுகின்றன. ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் மட்டுமே போகும், அடுத்த அடுக்குக்குத் தெரியவே தெரியாது. எந்தக் கரண்டியாலும் இப்படி வழிக்க முடியாது. 1983-ல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் இவர்களோடு சேர்ந்து இதைக் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். 1988-ல் மார்கரீட் மெக்டொனால்ட் என்ற மருத்துவர், பார்வையுள்ள கண்ணில் முதன்முதலாக இந்த லேசரால் பவரைச் சரிசெய்தார். கிரீஸ் நாட்டு இயோனிஸ் பல்லிகாரிஸ் அந்தக் காலகட்டத்திலேயே ஏட்டைத் தூக்கி அடியில் செதுக்கும் லாசிக் முறையை உருவாக்கினார். அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை ஸ்ரீனிவாசன் 2013-ல் வாங்கினார். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக அச்சிடப்பட வேண்டும்.

இனி உங்கள் முறை. முதலில் அளவெடுக்கும் நாள், என் கணக்கில் ஆபரேஷன் நாளைவிட முக்கியமானது. பல்லடத்திலிருந்து திருச்சி சாலையில் கோவைக்கு பஸ் ஏறினால் அரவிந்த், சங்கரா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இந்த வசதி கிடைக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கெட்டியான வகை என்றால் இன்னும் சில வாரம். லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றி வைத்திருக்கும், அந்த நிலையில் எடுக்கும் அளவு தப்பாகிவிடும். வயது 18-க்கு மேல் இருக்க வேண்டும், பவர் ஒரு வருடமாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரையும் முடக்குவாதமும் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தடிமனோடு கார்னியாவின் மேடு பள்ளங்களையும் ஒரு கருவி வரைபடமாக எடுக்கும். இதில் தேடுவது முக்கியமாகக் கெரட்டோகோனஸ் என்ற குறை. தயிர் சரியாக உறையாமல் தளதளவென்று இருப்பது போல, கார்னியாவே பலமில்லாமல் கூம்பாகத் துருத்தத் தொடங்கும் நோய் அது. அப்படிப்பட்ட தயிரில் ஏட்டைத் தூக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணை அடிக்கடி கசக்குகிறவர்களிடம் இந்த நோய் கூடுதலாகத் தென்படுகிறது. பஞ்சுத் தூசியில் கண் அரிக்க அரிக்கக் கசக்கிக்கொண்டே வேலை பார்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது! சிலிண்டர் பவர் ஒவ்வொரு வருடமும் மாறிக்கொண்டே வந்தால் லேசர் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு இந்தப் பரிசோதனையை மட்டுமாவது செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால், ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புறஊதா ஒளி காட்டிக் கார்னியாவைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது. கார்னியா மெல்லிசாக இருக்கிறது என்பது மட்டுமே தடையானால், கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையைப் பற்றிக் கேட்கலாம்.

ஆபரேஷன் அன்று மை, சென்ட், பவுடர் எதுவும் வேண்டாம். துணைக்கு ஒருவர் வரட்டும், திரும்பும்போது நீங்கள் வண்டி ஓட்ட முடியாது. ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது. மரத்துப்போகும் சொட்டு மருந்துதான். இமைகள் மூடாமல் ஒரு சிறு கம்பி பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு வளையம் கண்ணை இறுகப் பிடிக்கும். அழுத்தம் தெரியும், அரை நிமிடம் போலப் பார்வை மங்கி இருண்டுவிடும். பலர் பயந்துபோவது இந்த இடத்தில்தான். அந்த இருட்டு அழுத்தத்தால் வருவது, பார்வை உடனே திரும்பிவிடும். அந்த நேரத்தில் ஃபெம்டோசெகண்ட் என்ற இன்னொரு லேசர், கார்னியாவுக்குள் நுண்குமிழிகளை வரிசையாக உண்டாக்கி ஏட்டை அடியிலிருந்து பிரித்துவிடும். டாக்டர் ஏட்டைத் தூக்கியதும் எல்லாம் கலங்கலாகத் தெரியும். ஒரு விளக்குப் புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். டக் டக் டக் என்று சத்தம் வரும், முடி பொசுங்குவது போன்ற வாடை வரும். எதுவும் எரியவில்லை, பறந்துபோகும் துணுக்குகளின் வாடை அது. இந்தக் கட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கண் லேசாக அசைந்தால் கருவி பின்தொடரும், அதிகம் அசைந்தால் தானே நின்றுவிடும். நாம் எங்கே அசைந்து கெடுத்துவிடுவோமோ என்ற கவலையை வாசலிலேயே விட்டுவிடலாம். முடிந்ததும் ஏட்டைத் திரும்ப விரித்து, நீரால் கழுவி, சுருக்கமில்லாமல் நீவிவிடுவார்கள். தையல் கிடையாது. கார்னியாவின் உட்புறச் செல்கள் நீரை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் ஏடு தானாக ஒட்டிக்கொள்கிறது.

ஏட்டைப் பிரிக்காமலும் செய்யலாம். பி.ஆர்.கே. முறையில் மேல்தோலை வழித்து நீக்கிவிட்டு நேராக மேலிருந்தே செதுக்குவார்கள், மூன்று நான்கு நாளில் புதுத்தோல் படர்ந்துவிடும். அந்த நாட்கள் வலிக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். ஆனால் இடம்பெயர ஏடு என்று ஒன்று இருக்காது. லாசிக் ஏட்டின் ஓரம் ஆறினாலும் உள்ளே பழைய பலத்தோடு பிடிப்பதில்லை, பலமான அடியில் வருடங்கள் கழித்தும் விலகக்கூடும். கபடி ஆடுகிறவர், போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர் இதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஸ்மைல் என்ற புதிய முறை, பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் துளை வழியே உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை மட்டும் உருவி எடுப்பது.

லாசிக் செய்த அன்று நான்கைந்து மணி நேரம் கண் எரியும், மணல் விழுந்தது போல உறுத்தும், தண்ணீராகக் கொட்டும். தூங்கிவிடுவது நல்லது. மறுநாள் காலையில் சுவர்க் காலண்டர் கண்ணாடியில்லாமல் தெரியும், பலர் அழுதுவிடுகிறார்கள். சிக்கல் அந்த மகிழ்ச்சியில்தான் தொடங்குகிறது. பார்வை வந்துவிட்டது என்று மூன்றாம் நாளே தறிக்குப் போய் நிற்பார்கள். ஏடு அப்போதுதான் படிந்துகொண்டிருக்கிறது, ஒரு கசக்கு போதும் சுருங்கிவிட. பஞ்சு பறக்கும் இடத்தில் வேலை என்பதை டாக்டரிடம் சொல்லி அதற்குத் தக்க லீவு எழுதி வாங்குங்கள். ராத்திரி கண்ணுக்கு மூடி கட்டிப் படுக்க வேண்டும், சொன்ன நாள்வரை தலைக்குக் குளிக்கக் கூடாது, கிணற்றிலோ வாய்க்காலிலோ இறங்கக் கூடாது. ஏட்டைக் கீறும்போது நரம்பிழைகளும் அறுபடுவதால் கண் சில மாதங்கள் வறண்டிருக்கும், ஃபேன் காற்றில் இன்னும் மோசமாகும். கண்ணீர்ச் சொட்டு விடாமல் போட வேண்டும். ராத்திரியில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் சில மாதங்கள் இருக்கும். ஷிப்ட் முடிந்து டூவீலரில் வீடு திரும்புகிறவர்கள் அதுவரை பஸ்ஸில் வரட்டும்.

நாற்பதைத் தொட்டவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மைனஸ் 2 உள்ள டெய்லர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மைனஸ்தான் அவருக்குக் கிட்டப் பார்வையைக் கொடுக்கிறது. லேசரில் அதை எடுத்துவிட்டால் தூரம் தெளியும், ஆனால் கையிலிருக்கும் தையலைப் பார்க்கப் படிக்கும் கண்ணாடி தேவைப்படும். வயதால் கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸ் இறுகுவதைக் கார்னியாவில் செதுக்கிச் சரிசெய்ய முடியாது. நாளெல்லாம் ஓர் அடி தூரத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்த மாற்றம் லாபமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

அதிக மைனஸ் உள்ளவர்களின் கண் நீளமானது, அதனால் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசருக்குப் பிறகும் கண் அதே நீளம்தான். கண்ணாடி போய்விட்டது என்று வருடாந்திர விழித்திரைப் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று கண்ணில் மின்னல் அடித்தாலோ கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எடுத்த கார்னியா அளவுத் தாள்களைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, செதுக்கிய கார்னியாவில் கணக்குப் போடுவது கடினம். பழைய அளவு கையில் இருந்தால் அந்த டாக்டருக்குச் சரியான லென்ஸைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.