தீவுப் பள்ளிகளில் முதல்வருக்கு அடுத்து யார்?

புது தில்லி: அந்தமான் நிகோபார் தீவுகளில் பள்ளி முதல்வர் ஒருவர் இடமாறுதலில் சென்றாலோ, அலுவலகப் பணிக்காகத் தலைநகர் சென்று கப்பல் கிடைக்காமல் தங்க நேர்ந்தாலோ, பள்ளியை வழிநடத்துவது யார்? பொறுப்பேற்கத் தயாரான ஆசிரியர்களை அந்த முதல்வரே முன்கூட்டி உருவாக்கியிருந்தால்தான் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 3,80,581. 2024-இல் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து, தென்கோடியில் உள்ள கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பே சுமார் 540 கி.மீ. தொலைவில் உள்ளது. கடல் கொந்தளிக்கும் பருவமழைக் காலத்தில் இத்தொலைவு மேலும் கூடிவிடுகிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி தாக்கியபோது, மேலிடத்து உத்தரவுக்காக எந்தத் தீவும் காத்திருக்க முடியவில்லை.

தமிழ்ப் பிரிவின் நிலை: தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் இங்குதான் உள்ளது. இந்தி, ஆங்கிலம், வங்காளம், தெலுங்கு ஆகியவற்றுடன் தமிழும் இங்கு பயிற்றுமொழியாக இருந்து வருகிறது. தமிழறியாத முதல்வர் ஒருவர் பொறுப்பேற்கும்போது, தமிழ்வழி வகுப்புகளின் தரத்தை அவரால் நேரடியாக மதிப்பிட இயலாது. அப்பொறுப்பு மூத்த தமிழ்வழி ஆசிரியர் ஒருவரிடம் முறைப்படி ஒப்படைக்கப்படாவிட்டால், அந்தப் பிரிவு கேட்பாரற்றுப் போகும்.

கொள்கை சொல்வது: தில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் 2012-இல் தேசியப் பள்ளித் தலைமை மையம் தொடங்கப்பட்டது. குழுக்களை அமைத்து வழிநடத்துவது, பள்ளித் தலைவர்களுக்கான அதன் பயிற்சித் திட்டத்தில் முக்கிய இடம்பெற்றது. ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை. ஐந்து முதல் பத்து கி.மீ. சுற்றளவில் உள்ள பள்ளிகளை ஒரே வளாகமாக இணைக்கவும் அது பரிந்துரைக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கும் கடல் கடந்து செல்ல வேண்டிய இடங்களில் இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கு ஆசிரியர்களுக்கான பயிற்சிக் களம் அவர்கள் பணியாற்றும் பள்ளியேதான்.

முதல்வர் செய்யக்கூடியவை: ஒருவர் வகுப்பை மற்றொருவர் பார்வையிட்டுக் கலந்துரையாடுவது, தேர்வு முடிவுகளை ஆராய்ந்து பின்தங்கிய மாணவர்களுக்குத் திட்டம் வகுப்பது, புதிதாக வரும் ஆசிரியருக்கு வழிகாட்டுவது ஆகிய பணிகளை ஆசிரியர்களிடம் ஒப்படைக்கலாம். இதற்கான நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குவது அவசியம். பொறுப்புகளைச் சுழற்சி முறையில் வழங்கினால், பணிமூப்பில் இளையவருக்கும் வாய்ப்புக் கிட்டும்.

ஆனால், பதிவேடுகளை நிரப்பும் சுமையை இறக்கிவைப்பது பொறுப்பைப் பகிர்வதாகாது. பணியுடன் முடிவெடுக்கும் உரிமையும் தரப்பட வேண்டும். முடிவு தவறினால் ஆசிரியரைப் பலிகடா ஆக்காமல், முதல்வர் உடன் நிற்க வேண்டும். இந்த நம்பிக்கை இல்லாத பள்ளியில் யாரும் முன்வரமாட்டார்கள்.

முதல்வரால் மட்டும் இது நிலைக்காது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் மாற்றப்பட்டால் பள்ளி மீண்டும் தொடக்கப் புள்ளிக்கே திரும்பும். முதல்வரும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரும் ஒருசேர மாற்றப்படாமல் கல்வி இயக்ககம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாடாளுமன்றத்தின் பொறுப்பு: சட்டப்பேரவை இல்லாத இப்பிரதேசத்துக்கு மக்களவையில் இருப்பது ஒரே ஓர் உறுப்பினர். தீவுகளின் பள்ளிகளைப் பற்றிக் கேள்வி கேட்க அவரை மட்டும் எதிர்பார்த்திருப்பது போதாது. பிற உறுப்பினர்களுக்கும், குறிப்பாகத் தமிழக உறுப்பினர்களுக்கும், இதில் அக்கறை வேண்டும். ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை காலியாக உள்ளன என்று கேட்பதுடன், முதல்வர் இல்லாத நாளிலும் பள்ளியை நடத்தக்கூடிய ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் அவர்கள் கேட்க வேண்டும்.