பிளாட்பாரம் இருந்தும் ஏன் சாலையில் நடக்கிறோம்?

காலையில் பள்ளி தொடங்கும் நேரத்தில் சென்னைத் தெருக்களில் தினமும் காணும் காட்சி இது. ஓரத்தில் நடைபாதை இருக்கும். ஆனாலும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வண்டிகளுக்கு நடுவே தார்ச்சாலையில்தான் போவார். அலட்சியம் என்று அவரைக் குறை சொல்வதற்கு முன், அந்த நடைபாதையில் நாமே ஏறி நடந்து பார்க்க வேண்டும். பல இடங்களில் அது மழைநீர் வடிகாலின் மூடியே தவிர வேறில்லை. வடிகால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் நிற்கும். பத்தடி நடந்தால் ஒரு வீட்டு காருக்காக வெட்டிய சரிவு வரும், அங்கே இறங்க வேண்டும். மறுபடி ஏறினால் மின்வாரியப் பெட்டி வழிமறிக்கும். அதைச் சுற்றிப் போனால் வரிசையாக பைக்குகள். மூட்டுவலி உள்ளவர் எத்தனை முறை ஏறி இறங்குவார்?

விதியில் குறையில்லை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, நடப்பதற்கென்றே குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க இந்த அகலம் போதும். மரம், கம்பம், பெட்டி எல்லாம் அதற்கு வெளியேதான். வீட்டு வாசல்களிலும் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும்; ஏறி இறங்க வேண்டியது கார்தான், மனிதர் அல்ல.

கொள்கையும் உண்டு. நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014-லேயே சென்னை மாநகராட்சி ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அங்கே தாத்தா பாட்டிகள்கூட நிம்மதியாக உலவுகிறார்கள். ஆனால் அது துணி எடுக்கப் போகிற தெரு. நாம் தினமும் பால் வாங்கவும் பஸ் பிடிக்கவும் நடக்கிற தெருவுக்கு அந்தக் கவனிப்பு இன்னும் வரவில்லை.

இதன் விலை உயிர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 90 பேர். கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் நடைபாதை ஆக்கிரமிப்பு என்றதும் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவது கீரைக்கார அம்மாவின் கூடைதான். இது அநியாயம். 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கித் தரச் சொல்கிறது. மாலையில் பூக்கடையும் இட்லிக்கடையும் இருக்கிற தெருவில்தான் பெண்கள் பயமின்றி நடக்கிறார்கள். முதலில் அகற்ற வேண்டியது நாள் முழுக்க இலவசமாக நிற்கும் கார்களைத்தான்.

உங்கள் தெரு நடைபாதையை ஒரு டேப் கொண்டு அளந்து பாருங்கள். 1.8 மீட்டர் இல்லையென்றால், அந்த அளவைப் புகைப்படத்தோடு எழுதி, உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.