உங்களுக்குத் தெரியுமா? – இடம் பெயர்ந்த விழா

2001-இல் புதுதில்லியில் நடத்த உத்தேசிக்கப்பட்டு, செப்டம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலை முன்னிட்டு ஒத்திவைக்கப்பட்ட ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டு விழா, 2002 டிசம்பரில் தேசியப் பந்தயங்களை நடத்தி, கச்சிபௌலியில் மைதானங்களை ஆயத்தமாக வைத்திருந்த ஹைதராபாத்தில்தான் 2003 அக்டோபர் 24-ஆம் தேதி கோலாகலமாக ஆரம்பமாயிற்று. தலைநகரம் இழந்த வைபவத்தால் லாபமடைந்தவள் ஹைதராபாத்திலேயே வளர்ந்த பதினாறு வயதுச் சிறுமி சானியா மிர்சா என்றால் மிகையன்று. டென்னிஸில் நான்கு தங்கப் பதக்கங்கள்! 2011 மார்ச்சில் டோக்கியோவில் நடக்கவிருந்த உலகப் பனிச்சறுக்கு நடனப் போட்டி பூகம்பத்தால் ஏப்ரலில் மாஸ்கோவுக்கு மாறியபோதோ, ஜப்பானிய வீராங்கனை மிகி ஆண்டோ அந்நிய மண்ணில்தான் தங்கம் வென்றார். ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டு விழாவோ 2003-க்குப்பின் எங்கும் நடைபெறவேயில்லை.