கிளப்பின் பெயரால் ஆடும் கோல்ஃப்: அயர்லாந்தின் ஐந்து கோப்பைகள்

அயர்லாந்துத் தீவில் ஏறத்தாழ 400 கோல்ஃப் கிளப்புகள் உள்ளன. இளவேனில் பிறந்தது முதல் கோடை முடியும்வரை அவை குழு அமைத்து ஒன்றையொன்று எதிர்த்து ஆடுகின்றன. இந்தப் போட்டிகளில் களமிறங்குவோர் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். ஆசிரியர், விவசாயி, காவலர், கடைக்காரர், கல்லூரி மாணவர் என வேறு வேறு வாழ்க்கையில் இருந்துகொண்டு மாலை நேரங்களிலும் விடுமுறை நாள்களிலும் மட்டையைக் கையில் எடுப்பவர்கள். தொலைக்காட்சியில் தெரியும் கோல்ஃப், தனியொருவர் தம் திறமையைத் தாமே சோதித்துக்கொள்ளும் அமைதியான ஆட்டமாகவும், பெரும் பணம் புரளும் தொழிலாகவும் காட்சியளிக்கிறது. ஆனால் அயர்லாந்தின் சிற்றூர்களில் அது ஊரின் மானத்தைத் தாங்கி நிற்கும் குழு ஆட்டம். நூறாண்டுகளைக் கடந்தும் அந்தப் போட்டிகள் உயிர்ப்போடு இருப்பதற்குக் காரணம், மிகச் சிறந்த ஆட்டக்காரரோடு சேர்த்துச் சுமாராக ஆடுபவருக்கும் தம் கிளப்பின் பெயரால் ஆட இடம் தருகிற அவற்றின் அமைப்பே ஆகும்.

அந்த அமைப்பைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் கணக்கு முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கோல்ஃப் திடலில் வழக்கமாக 18 குழிகள் இருக்கும். தொடக்க மேடையிலிருந்து பந்தை அடித்து, மிகக் குறைந்த அடிகளில் குழிக்குள் சேர்ப்பதே நோக்கம். 18 குழிகளிலும் எடுத்த அடிகளை மொத்தமாகக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பது ஒரு முறை. தொழில்முறைப் போட்டிகள் பெரும்பாலும் இவ்வாறே நடக்கின்றன. இரு தரப்பினர் நேருக்கு நேர் நின்று ஒவ்வொரு குழியையும் தனித்தனிப் போராகக் கருதி, யார் அதிகக் குழிகளை வென்றார் என்று பார்ப்பது மற்றொரு முறை. இதற்கு மேட்ச் பிளே என்று பெயர். இம்முறையில் ஒரு குழியில் பத்து அடி எடுத்துச் சொதப்பினாலும் இழப்பது அந்த ஒரு குழியை மட்டுமே என்பதால், அடுத்த மேடையில் ஆட்டம் புதிதாகத் தொடங்குகிறது. மீதமுள்ள குழிகளின் எண்ணிக்கையைவிட முன்னிலை அதிகமாகிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். நான்கு குழிகள் முன்னிலையில் இருக்கும்போது மூன்று குழிகளே மிஞ்சியிருந்தால் அந்த வெற்றி 4-க்கு-3 என்று குறிக்கப்படும். கிளப்புகளுக்கிடையிலான போட்டிகள் மேட்ச் பிளேயையே பெரிதும் விரும்புகின்றன; எதிராளி கண்ணெதிரே நிற்பதும், ஒவ்வொரு குழியும் ஒரு முடிவைத் தருவதும் குழு உணர்வுக்கு ஏற்றவை.

கிளப்புகள் தமக்குள் மோதிக்கொள்ளும் வழக்கம் தொழில்முறைப் போட்டிகளுக்கும் மூத்தது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் கிளப் முன்மொழிந்ததன்பேரில் 1857-ஆம் ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் பல கிளப்புகள் இணைகளை அனுப்பி ஆடிய போட்டியில், லண்டனை அடுத்த பிளாக்ஹீத் கிளப்பின் சார்பில் ஆடிய ஜார்ஜ் கிளெனியும் லெப்டினன்ட் ஜே. சி. ஸ்டூவர்ட்டும் வென்றனர். அடுத்த ஆண்டே அது தனிநபர் போட்டியாக மாறிவிட்டது. இன்று உலகம் கொண்டாடும் ஓப்பன் சாம்பியன்ஷிப், அதன் பிறகு 1860-இல்தான் பிரெஸ்ட்விக்கில் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் தனிநபர் போட்டியிடம் இடம் இழந்த அந்த மரபு, கடலைக் கடந்து அயர்லாந்தில் வேரூன்றி ஆழமாக வளர்ந்தது என்று சொல்வது மிகையாகாது.

அயர்லாந்தின் கோல்ஃப் ஒன்றியம் 1891-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் உருவானது. ஒரு நாடு முழுமைக்குமான கோல்ஃப் அமைப்புகளில் உலகிலேயே மிகப் பழமையானது அதுவே. 1900-இல் சீனியர் கோப்பை தொடங்கப்பட்டது. இங்கே சீனியர் என்பது வயதைக் குறிப்பதன்று, கிளப்பின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் குறிப்பது. 1910-இல், நீதிபதி டன்பார் பிளங்கெட் பார்ட்டன் வழங்கிய கேடயத்துக்காகப் பார்ட்டன் கேடயப் போட்டி பிறந்தது. இவ்விரண்டும் உச்சநிலை ஆட்டக்காரர்களுக்கு உரியவை. இவற்றோடு அடுத்த நிலையினருக்கான ஜூனியர் கோப்பையும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜிம்மி புரூவன் கேடயமும் பியர்ஸ் பர்செல் கேடயமும் சேர்ந்துகொண்டன. அயர்லாந்தில் கிளப் கோல்ஃப் என்றால் இந்த ஐந்தும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

ஐந்து போட்டிகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது ஹேண்டிகேப் என்னும் எண். ஓர் ஆட்டக்காரர் திடலின் எதிர்பார்ப்பைவிடச் சராசரியாக எத்தனை அடிகள் கூடுதலாக எடுக்கக்கூடும் என்பதை அந்த எண் காட்டுகிறது. சிறந்த ஆட்டக்காரரின் எண் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், புதிதாகக் கற்பவரின் எண் 54 வரை உயரலாம். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொது முறையின்படி, ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த எட்டின் சராசரியை, திடலின் கடினத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அந்த எண்ணாக நிர்ணயிக்கிறார்கள். பொதுவான கிளப் ஆட்டங்களில் எண் அதிகமுள்ளவருக்கு அதற்கேற்பச் சில அடிகள் சலுகையாகக் கழிக்கப்படும். அயர்லாந்தின் கோப்பைகள் அந்தச் சலுகையை நாடாமல் வேறு வழியைத் தேர்ந்தன. அங்கே ஹேண்டிகேப் யாருக்கும் சலுகை தருவதில்லை. எந்தப் போட்டியில் யார் ஆடலாம் என்று வாசலில் நின்று தீர்மானிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே நுழைந்தபின் எல்லோரும் சமநிலையில் ஆடுகிறார்கள். எல்லைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டாலும், பர்செல் கேடயம் மரபாகவே ஹேண்டிகேப் 12-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரியது. புரூவன் கேடயம் அதற்கும் உச்சநிலைக்கும் இடைப்பட்டவர்களுக்கு உரியது. ஒரே கிளப் ஐந்து வேறு வேறு அணிகளை அமைப்பதால், உறுப்பினருள் பெரும்பகுதியினருக்கு ஏதேனும் ஓர் அணியில் இடம் பிடிக்கும் நம்பிக்கை இருக்கிறது.

பார்ட்டன், புரூவன், பர்செல் ஆகிய மூன்று கேடயங்களும் ஃபோர்சம்ஸ் என்னும் முறையில் ஆடப்படுகின்றன. கோல்ஃப் ஆட்ட முறைகளுள் மனித இயல்பை இந்த அளவுக்குச் சோதிப்பது வேறில்லை. இருவர் இணைந்து ஒரே பந்தை மாறி மாறி அடிப்பதே இதன் விதி. ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவரும் இரட்டைப்படைக் குழிகளில் மற்றவரும் முதல் அடியைத் தொடங்குவார்கள். ஒருவர் பந்தைப் புதருக்குள் அனுப்பினால், அதை மீட்டெடுக்கும் துன்பம் அவருக்கு வராது, இணையாளருக்கே வரும். தாம் செய்த பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இல்லாமல், நண்பர் திருத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது மன்னிப்புக் கேட்கக்கூடாது என்பது அனுபவசாலிகள் இளையோருக்கு முதலில் கற்பிக்கும் பாடம். ஒவ்வொரு மன்னிப்பும் அடுத்த அடியில் தயக்கமாக வெளிப்படும் என்பது அவர்களுடைய கணிப்பு. ஆகையால் இணை சேர்ப்பது பெரிய கலையாகிவிடுகிறது. நீண்ட தூரம் அடிப்பவரையும் குழிக்கருகே நிதானமாக உருட்டுபவரையும் சேர்ப்பதா, ஒத்த குணமுள்ள இருவரைச் சேர்ப்பதா, நீண்ட முதல் அடி தேவைப்படும் குழிகள் யாருடைய பங்கில் விழும் என்றெல்லாம் அணியின் மேலாளர் வாரக்கணக்கில் யோசிப்பார். இரு இணைகள் மட்டுமே ஆடும் பார்ட்டன் கேடயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு: இரு ஆட்டங்களிலும் கிடைத்த குழி வித்தியாசத்தைக் கூட்டியே வெற்றி முடிவாகிறது. ஓர் இணை மூன்று குழி வித்தியாசத்தில் தோற்றாலும் மற்றோர் இணை நான்கில் வென்றால் கிளப் வென்றுவிடும். எனவே தோற்றுக்கொண்டிருப்பவர்களும் கடைசிக் குழிவரை போராடியே தீர வேண்டும்.

புரூவன், பர்செல் கேடயங்களில் ஓர் அணியிலிருந்து ஐந்து இணைகள் களமிறங்குகின்றன. மூன்று ஆட்டங்களை வென்ற கிளப் அடுத்த சுற்றுக்குச் செல்லும். மூன்றாவது வெற்றி உறுதியானதும், திடலில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஆட்டங்களை நிறுத்திச் சமனாக அறிவித்துவிடுவது வழக்கம். செய்தித்தாள்களில் மூன்றரைக்கு ஒன்றரை என்று முடிவு வெளியாவதன் காரணம் இதுவே. இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை வந்து கடைசி இணையின் ஆட்டமும் 18 குழிகளில் தீராதபோது, அவர்கள் மீண்டும் தொடக்க மேடைக்குச் சென்று, ஒரு தரப்பு ஒரு குழியை வெல்லும்வரை ஆடுவார்கள். ஆடி முடித்த அனைவரும், கிளப்பிலிருந்து வந்திருக்கும் ஆதரவாளர்களும் அந்த நால்வரின் பின்னால் நடக்கும் அந்த நேரத்தில், வழக்கமான வாரத்தில் எவரும் கவனிக்காத ஒரு சாதாரண ஆட்டக்காரரின் இரண்டடித் தூர அடி ஊருக்கே முக்கியமாகிவிடுகிறது. தொடக்கச் சுற்றுகள் சிலவற்றில் ஓர் அணியின் ஒரு பகுதி சொந்தத் திடலிலும் மீதிப் பகுதி எதிரணியின் திடலிலும் ஒரே நாளில் ஆடுவதால், இரு திடல்களுக்கும் இடையே செய்தி வந்து சேரும்வரை யாருக்கும் இருப்புக்கொள்ளாது.

இவ்வாறு வட்டார அளவில் வென்றவர்கள் லெய்ன்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் என்னும் நான்கு மாகாணங்களின் பட்டத்துக்காக மோதுகிறார்கள். நான்கு மாகாண வெற்றியாளர்களும் இறுதியில் ஒரே திடலில் கூடி, தீவு முழுமைக்குமான வெற்றியாளரைத் தீர்மானிக்கிறார்கள். வென்ற கிளப்புக்குப் பச்சை நிறக் கொடி கிடைக்கிறது. அது கிளப் கட்டடத்தின் சுவரில் ஏறிவிட்டால் பல தலைமுறைகளுக்கு அங்கேயே இருக்கும்.

கேடயங்களில் ஒன்றுக்குப் பெயர் தந்த ஜிம்மி புரூவனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1920-இல் பிறந்து கார்க் நகரப் பகுதியில் ஆடி வளர்ந்த அவர், 18 வயதில் 1938-ஆம் ஆண்டின் வாக்கர் கோப்பை அணியில் இடம்பெற்றார். அமெரிக்க அமெச்சூர்களுக்கு எதிரான அந்தப் போட்டி 1922-இல் தொடங்கியதிலிருந்து பிரிட்டன்-அயர்லாந்து அணி வென்றது அதுவே முதல்முறை. மட்டையைப் பின்னால் தூக்கும்போது ஒரு வளையமிட்டு இறக்கும் அவருடைய வீச்சு எந்தப் பயிற்சி நூலுக்கும் அடங்காதது. போர் முடிந்தபின் 1946-இல் பர்க்டேலில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் வென்ற அவர், இறுதிவரை அமெச்சூராகவே இருந்து 1972-இல் மறைந்தார். அத்தகைய மேதையின் பெயரை நடுத்தர ஆட்டக்காரர்களின் கேடயத்துக்குச் சூட்டியது பொருத்தமான மரியாதை.

இந்த அமைப்பின் பலவீனம் அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. நுழைவைத் தீர்மானிப்பது ஹேண்டிகேப் எண் என்பதால், உண்மையில் நன்றாக ஆடக்கூடிய ஒருவர் வேண்டுமென்றே மோசமான ஆட்டங்களைப் பதிவு செய்து எண்ணை உயர்த்திக்கொண்டு கீழ்நிலைப் போட்டிக்குள் நுழைய முடியும். எண்ணைக் கணக்கிடும் தேதியை முன்கூட்டியே நிர்ணயிப்பது, சந்தேகத்துக்குரிய எண்களைக் கிளப்பின் குழு ஆராய்ந்து திருத்துவது போன்ற தடுப்புகள் உண்டு. எனினும் கோல்ஃப் ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் உடன் வருவதில்லை என்பதால், ஆட்டக்காரரின் நேர்மையே கடைசிக் காவலாக நிற்கிறது. வேண்டுமென்றே எண்ணை உயர்த்துபவர், எதிரணியை ஏமாற்றுவதற்கு முன்பே, நேர்மையாக ஆடிய தம் கிளப் நண்பர் ஒருவரின் இடத்தைப் பறிக்கிறார். இந்தக் குற்றத்தை விளையாட்டுத் தந்திரம் என்று சிரித்துக் கடந்துபோவது தவறு.

கோல்ஃப் செல்வந்தர்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம் நாட்டில் வலுவாக உள்ளது. அயர்லாந்தின் கிளப்புகள் அந்த எண்ணத்துக்கு முழுதாக அடங்குவதில்லை. மூன்று பெரும் பட்டங்களை வென்ற பத்ரெய்க் ஹாரிங்டன் வளர்ந்த ஸ்டாக்ஸ்டவுன் கிளப், டப்ளின் காவல்துறையினர் கூடி உருவாக்கியது. காவலராகப் பணியாற்றிய அவருடைய தந்தையும் அதை எழுப்பியவர்களுள் ஒருவர். 1921-இல் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோதும், பின்னர் வடக்கில் பல ஆண்டுகள் வன்முறை நீடித்தபோதும், கோல்ஃப் ஒன்றியம் பிரியாமல் இருந்தது. எல்லையின் இருபுறத்துக் கிளப்புகளும் ஒரே கோப்பைக்காக ஆடின. 1893-இல் தொடங்கிய பெண்கள் கோல்ஃப் ஒன்றியமும் ஆண்கள் ஒன்றியமும் 2021 ஜனவரி முதல் கோல்ஃப் அயர்லாந்து என்னும் ஒரே அமைப்பாக இயங்குகின்றன.

ஐந்து கோப்பைகளுள் எது உயர்ந்தது என்று கேட்டால், அயர்லாந்தின் விளையாட்டுச் செய்தியாளர் பலர் சீனியர் கோப்பையையோ பார்ட்டன் கேடயத்தையோ காட்டக்கூடும். திறமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அந்த விடை சரியே. ஆனால் ஒரு கிளப் தன் உறுப்பினருக்கு எதைத் தர முடியும் என்பதை அளவுகோலாகக் கொண்டால், வேறெந்த விதத்திலும் தம் ஊருக்காக ஆடும் வாய்ப்பைப் பெறமுடியாத ஆட்டக்காரர்களைத் தீவின் இறுதிப் போட்டிவரை அழைத்துச் செல்லும் பர்செல் கேடயமே முதலிடம் பெறத் தகுந்தது.