இழுப்பு நின்ற பின்பு

கற்பிட்டிக் குடாநாட்டில் வைகாசி பிறந்தால் தென்மேற்குக் காற்று ஓயாது வீசும். 2011ஆம் ஆண்டு முதல் நுரைச்சோலையில் நிலக்கரி மின் நிலையம் இயங்கி வருகிறது. அதன் தூசு குறித்து அயற்கிராமத்தார் முறையிட்டதும் உண்டு. தூசும் புகையும் தொய்வு நோயாளரின் இழுப்பைத் தூண்ட வல்லவை. வீசும் காற்றை நிறுத்த நம்மால் இயலாது. உட்கொள்ளும் மருந்தை நிறுத்தாதிருக்க இயலுமன்றோ?

தொய்வு என்பது மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் நிலைத்திருக்கும் அழற்சி. பலருக்கு அது ஒவ்வாமையால் விளைவது. இழுப்பு அதன் வெளித்தோற்றமே. 1969இல் வந்த சல்பியூட்டமோல் 'பம்ப்', சுருங்கிய குழாய்களைச் சில நிமிடங்களில் விரிக்கிறது, அழற்சியை ஆற்றுவதில்லை. ஆற்றுவது 1972இல் வந்த பெக்லோமெதசோன் போன்ற தடுப்பு மருந்தே. அதன் முழுப்பயன் புலப்பட வாரங்கள் செல்லும். உடனே சுகந்தருவதை மனிதர் போற்றுகின்றனர்; ஓசையின்றிக் காப்பதைக் கைவிடுகின்றனர்.

இதன் விளைவு யாது? தொய்வினால் இறந்தோரைப் பற்றிப் பிரிட்டனில் 2014இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. நிவாரணி பெற்ற கணக்குத் தெரிந்த 165 பேருள் 65 பேர், இறப்பதற்கு முந்திய ஓராண்டில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட நிவாரணிப் பம்புகள் பெற்றிருந்தனர். தடுப்பு மருந்தோ பலருக்குப் போதிய அளவு சென்றிருக்கவில்லை. வளர்ந்தோருக்கும் இளைஞருக்கும் இத்தகைய நிவாரணியை மட்டும் கொடுத்தல் தகாதென 2019இல் உலகளாவிய தொய்வு வழிகாட்டி நெறியும் விதித்தது.

"பம்ப் பழகினால் விட முடியாது" என்பார் பலர். அது வீண் அச்சம். இம்மருந்து மைக்ரோகிராம் அளவில் நேரே சுவாசப்பைக்குச் செல்வது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துவிட்டால் வாய்ப்புண் பெரும்பாலும் அணுகாது. அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ வைத்தியரின் பொறுப்பு. நோய் தணிந்த மகிழ்ச்சியின் பொறுப்பன்று. கடலுக்குப் போகாத நாளில்தான் மீனவன் வலை பொத்துகிறான். நலமாக மூச்சு விடும் நாளும் அத்தகையதே.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து மருந்தூட்டுவோனையும் சேர்த்தெண்ணினார். இரவில் தாயும், பகலில் ஆசிரியரும் அந்த நான்காமவர் ஆகலாம். பம்பை மறைத்து வைக்கும் மாணவனிடம், "இதில் வெட்கம் எதற்கு, தம்பி?" என்று ஆசிரியர் கேட்கும் ஒரு சொல்லும் மருந்தேயாகும்.