இரு மந்தப் பெட்டிகள்

மிருதங்கத்தின் இரு கண்களும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. தவிலும் அத்தகையதே, வலந்தலை இறுகி ஒலிக்கின்றது, தொப்பி தளர்ந்து முழங்குகின்றது. கண்டி மாநகரில் எசல பெரஹரா உலா வருங்கால் தெருவோரம் நின்று செவிசாய்ப்போர் ‘தம்மட்டம’ என்னும் இரட்டைப் பறையைக் கண்டிருப்பர். அவ்விரு பறைகளும் அளவாலும் தொனியாலும் வேறுபட்டவை. (அவ்வுலாவிற் பத்தினி தேவாலயத்துக்கும் ஓரிடம் உண்டு, நம் கண்ணகியே ஈண்டுப் பத்தினியாய் எழுந்தருளியிருக்கின்றாள் என்பதைச் சிலம்பு பயில்வோர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.) ஒவ்வாதவற்றைச் சேர்த்து ஒலிப்பித்தல் நமக்குப் புதிதன்று. ஆயினும், வீட்டில் இரண்டு ‘சப்வூஃபர்’ பெட்டிகளை ஒருங்கே இயக்க முற்படுவோர், பறைக்குப் பொருந்திய இவ்வுண்மை பெட்டிக்குப் பொருந்தாமை கண்டு மயங்குகின்றனர்.

சப்வூஃபர் என்பது மந்த ஒலியை மாத்திரம் எழுப்பும் பெட்டி. மெலிவு, சமன், வலிவு எனத் தமிழிசை நூலார் வகுத்த மூன்றனுள் மெலிவுக்கும் கீழே செல்வது. செக்கனுக்கு 20 முதல் 80 அல்லது 100 வரையான அதிர்வுகளே அதன் ஆட்சிப் பரப்பு. மெலிவு என்று பெயரிட்டார்களே யன்றி, அதனை எழுப்புவது எளிதன்று. காற்றை மிகுதியாகத் தள்ளவேண்டும்.

கண்டிக்கு அணித்தாய் மலைச்சரிவில் வாழும் நண்பர் ஒருவர், இளைப்பாறிய ஆசிரியர். 1975இல் மறைந்த யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைப் பழைய ஒலிப்பதிவுகளிற் கேட்பதே அவருக்கு முதுமையின் பெருஞ்செல்வம். திங்களொருமுறை மாணாக்கரும் தமிழன்பரும் அவர் இல்லத்திற் கூடுவர். நூலாராய்ச்சி முடிந்தபின் இசை கேட்பர். அவரிடம் எட்டு அங்குல விட்டமுள்ள சிறு பெட்டி ஒன்று இருந்தது. ஓய்வூதியப் பணத்தில் வாங்கியது. பின்னர் மருமகன் தந்த பன்னிரண்டு அங்குலப் பெரும்பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு முழக்கம் என எதிர்பார்த்தார். வந்ததோ வேறு. அவர் நாற்காலியில் இருந்தால் தொப்பியின் முழக்கம் வெறுமையாயிற்று. சுவரை ஒட்டி அமர்ந்த மாணாக்கர் நெஞ்சதிர்ந்து காதைப் பொத்தினர். இவர் ஒலியைக் கூட்டுவார், அவர்கள் முகஞ்சுளிப்பார்கள். கூட்டத்துக்கு வருவோர் தொகையும் குறையத் தொடங்கியது. கடைக்காரர் ஒருவர் இரண்டையும் விற்று ஒத்த சோடி ஒன்றை வாங்குமாறு அறிவுரை கூறினார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறிய ஏற்றத்தை அறிந்தோர்க்கு, ஓய்வூதியர் ஒருவருக்கு அவ்வறிவுரை எத்துணைப் பயனுடையது என்பது விளங்கும்.

இங்கே கலந்துநின்ற குறைகள் இரண்டு. ஒன்று அறையினுடையது, மற்றது பெட்டிகளினுடையது.

அறையை முதலிற் காண்போம். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் செல்வது. மீடிறன் 80 ஆயின் அலைநீளம் 4.3 மீற்றர். நண்பரின் அறை நீளமும் பதினான்கு அடி, அதாவது ஏறக்குறைய அதே 4.3 மீற்றர்! ஆகவே அம்மீடிறனில் அறைக்குள் நிலையான அலை ஒன்று எழுகின்றது. இரு கடைச் சுவர்களிலும் நடுவிடத்திலும் அமுக்கம் பெரிதாய் ஏறி இறங்கும்; இடையே கால்பங்குத் தூரங்களில் கணுக்கள் அமைந்து ஒலி தேயும். நண்பரின் நாற்காலி கால்பங்கிற் கிடந்தது. மாணாக்கர் சுவரோரம் இருந்தனர். கருவியைக் குறைகூறி என்ன பயன்?

2002இல் ஹார்மன் நிறுவனத்து ஆய்வாளர் ரொட் வெல்ரி, செவ்வக அறையொன்றில் எத்தனை மந்தப் பெட்டிகளை எங்கெங்கே வைத்தால் எல்லா இருக்கைகளிலும் ஒலி ஒருசீராய் அமையும் என ஆராய்ந்து வெளியிட்டார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தல் நன்று. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலும் பெரும்பயன் உண்டு என்பது அவர் முடிபுகளுள் ஒன்று. பல பெட்டிகளின் தலையாய பயன் உரத்த ஒலி அன்று, சமனான ஒலி என்பதே இதிற் கொள்ளத்தக்கது. நண்பரின் அறைக்கு நாங்கள் கண்ட வழி, ஒன்றைக் கடைச்சுவரிலும் மற்றொன்றைப் பக்கச் சுவரின் நடுவிலும் வைப்பது. முன்கூறிய நிலையான அலையில் கடைச்சுவர் அமுங்கும்போது நடுவிடம் தளரும். இரு பெட்டிகளும் ஒரே வேளையில் இரண்டிடத்தையும் அமுக்கினால் அவ்வலை தலையெடுக்க இடமில்லை.

ஆனால் ‘ஒரே வேளையில்’ என்றேனே, அதிலேதான் இரண்டாம் குறை ஒளிந்திருந்தது. சிறு பெட்டி முற்றும் மூடியது. பெரும்பெட்டியோ துளையுடையது. கடத்தின் வாய்போல அத்துளை ஒரு மீடிறனிற் பரிவுற்று ஒலிப்பது. அம்மீடிறனை அண்டி ஒலியை மிகுவிக்கும். அதற்குக் கீழே சென்றால் துளையின் காற்றும் கூம்பின் காற்றும் எதிரெதிராய் இயங்கி ஒன்றையொன்று அழிக்கும். மூடிய பெட்டியின் ஒலி ஒரு சுரமண்டலம் தாழ 12 தெசிபெல் வீதம் தேய, துளைப்பெட்டியின் ஒலி 24 வீதம் தேயும். அவத்தையும் அவ்வாறே பிறழ்ந்து, ஆழத்திற் செல்லச் செல்ல இவை இரண்டும் முற்றும் முரணிய நிலையை எய்தும். ஒருவர் தேரை இழுக்க மற்றவர் தள்ளிநிறுத்துவது போலும். முன்போ பின்போ திருப்பும் அவத்தைக் குமிழை எங்கே வைத்தாலும் ஒரு மீடிறனிற் பொருந்தியது மற்றொன்றிற் பிழைக்கும்.

டிஜிற்றல் கருவி வாங்கி ஒவ்வொரு பெட்டிக்கும் வடிகட்டியும் தாமதமும் வகுப்போர் உளர்; வசதி உடையோர் அவ்வாறே செய்க. நண்பர் செய்தது அதனினும் எளிது: பெரும்பெட்டியின் துளையை அடர்ந்த பஞ்சுறையால் இறுக அடைத்தார். அதனால் அதுவும் மூடிய பெட்டியின் இயல்பை எய்தியது. மிகத் தாழ்ந்த ஒலியிற் சிறிது குறைந்தது உண்மை. ஆனால் பழைய ஒலிப்பதிவுகளில் அவ்வாழத்தில் இருப்பது தவில் அன்று. பெரிதும் இசைத்தட்டுச் சுழலும் இரைச்சலே. அதனை இழந்தமைக்கு யான் சிறிதும் வருந்தவில்லை.

எஞ்சியது அளவு பொருத்துதல். ஒரு பெட்டியை நிறுத்தி மற்றதைத் தனியே இயக்கி, நாற்காலியில் இரண்டும் ஒரே அளவாய்க் கேட்கும்படி கைபேசி அளவியால் நேர்செய்தோம். இதிற் சிறு பெட்டியே எல்லை வகுப்பது. அது திணறும் இடத்தில் இரண்டும் நிற்கவேண்டும். பின்னர் 80 என்னும் மீடிறனை ஒலிக்கவிட்டு, பேரப்பிள்ளை அவத்தைக் குமிழைத் திருப்ப, நண்பர் ஒலி மிகும் இடத்தில் ‘போதும்’ என்றார். வெவ்வேறு தூரத்தில் இருக்கும் பெட்டிகளுக்கு இது இன்றியமையாதது. ஒரு மீற்றர் இடைவெளி ஏறத்தாழ மூன்று மில்லிசெக்கன் பிந்துகையாகும்.

இப்பொழுது மாணாக்கரும் சுவரோரத்தில் இருந்தே கேட்கின்றனர். ஒன்பது மணிக்குப்பின் மாத்திரம் பெரும்பெட்டியை நிறுத்திவிடுகிறார். சரிவிற் கீழ்வீட்டார் உறங்கும் அறை அதற்கு நேர் கீழே இருக்கின்றது, மந்த ஒலிக்குச் செங்கற் சுவர் ஒரு பொருட்டன்று.