நீலகிரியில் வீட்டுப் பிரசவம்

நீலகிரியில் வீட்டுப் பிரசவம் என்பது, மருத்துவமனைக்குச் செல்லாமல், அனுபவமுள்ள மூத்த பெண்களின் துணையுடன் வீட்டிலேயே குழந்தை பெறும் வழக்கத்தைக் குறிக்கும். மலைக் கிராமங்களில் பரவலாக இருந்த இவ்வழக்கம் இன்று பெரிதும் குறைந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன.

பின்னணி

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்களிடையே கருவுறுதலையும் பிறப்பையும் ஒட்டிய சடங்குகள் பல உண்டு. தோடர் பெண்ணுக்கு ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு நடக்கும். அவற்றைக் கொடுப்பவரே குழந்தையின் தந்தையாகக் கருதப்படுவார். இதை ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் 1906 இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார்.

வீட்டிலேயே பிரசவிப்பதற்கு வழக்கம் மட்டும் காரணமன்று. தொலைவு, இரவில் யானை நடமாடும் வழி, கூலி இழப்பு, புரியாத மொழி, மதிப்புடன் நடத்தப்பட மாட்டோம் என்ற அச்சம் ஆகியவையும் காரணங்களாகும்.

தலைப்பிரசவம்

முதல் பிரசவத்தில் வலி நீண்ட நேரம் நீடிப்பது இயல்பு. ஆயினும், எது இயல்பு, எது ஆபத்து என்பதை முதன்முறை தாயாகும் பெண்ணால் எளிதில் பிரித்தறிய முடியாது. அப்போது தாயோ மாமியோ பாட்டியோ அருகில் இருப்பது பெரும் ஆறுதல். ஆனால் குழந்தை பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் அந்த ஆறுதல் போதாது. இரத்தசோகை உள்ளவருக்குக் குறைந்த இழப்பும் உயிருக்கு ஆபத்தாகலாம். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952 இல் பதிவு செய்தனர். இந்நோய் உள்ள கர்ப்பிணிக்குக் கூடுதல் கண்காணிப்பு தேவை.

பிரசவத்திற்குப் பின்

முதல் 24 மணி நேரமே மிகவும் கவனிக்க வேண்டிய காலம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். அதைக் கறந்து கொட்டுவது தவறு. மலைக்குளிரில் குழந்தையின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். எனவே உடனே குளிப்பாட்டாமல், ஈரம் துடைத்து, தாயின் மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தாய்க்கு அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது. வீட்டில் பிறந்திருந்தாலும் ஆறு வாரம் வரை செவிலியரின் கவனிப்பு அவசியம்.

மாற்றம்

அஸ்வினி அமைப்பு 1990 இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியது. பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் ஊர் நலப் பணியாளராகவும் பயிற்சி பெற்றனர். தம் மொழி பேசும் ஒருவர் கட்டிலருகே நின்றதால் கர்ப்பிணிகளின் தயக்கம் குறைந்தது. 2008 இல் வந்த 108 அவசர ஊர்தியும், மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்திற்கு முன்பே வந்து தங்கும் அறைகளும் தொலைவின் தடையைக் குறைத்தன. எனினும், வீட்டில் கிடைத்த உறவும் மதிப்பும் மருத்துவமனையிலும் கிடைத்தால்தான் இம்மாற்றம் முழுமை பெறும்.